உயிலில் இல்லாத அத்தை

உயிலை நிறைவேற்றும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டு அப்பா போய்ச் சேர்ந்தார். வீட்டை விற்று எனக்கும் தம்பிக்கும் சரிபாதி. முப்பது வருஷமாக அதே வீட்டில் அவருக்கு வடித்துக்கொட்டிய தங்கை, எங்கள் அத்தை, அவரைப் பற்றி ஓர் எழுத்து இல்லை. மறந்திருக்க மாட்டார், எழுதவேண்டும் என்றே தோன்றியிருக்காது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

எட்டு மாதம் கோர்ட்டுக்கும் பேங்குக்கும் அலைந்து கடைசிப் படிவத்துக்கு வந்துவிட்டேன். வீட்டில் யாராவது குடியிருக்கிறார்களா என்று அதில் ஒரு கேள்வி.

"இல்லைன்னு போடுங்க. இல்லாட்டி இழுத்துக்கிட்டே போகும்" என்றார் வக்கீல்.

எப்படிப் போடுவது? அப்பா வீட்டுக்கு வந்து, கூடத்திலிருந்தே தம்பிக்குப் போன் போட்டேன்.

"அத்தையை என்னடா பண்றது?"

"ஆறு மாசம் நீ, ஆறு மாசம் நான் வச்சிக்கலாம்க்கா."

"அவங்க என்ன பீரோவா, தூக்கித் தூக்கி வைக்க?"

"அப்ப அவங்க இருக்கிற வரைக்கும் விக்க வேணாம். அங்கேயே இருக்கட்டும்."

கஞ்சனுக்கு இவ்வளவு மனசா! கண் கலங்கிவிட்டது. பெரிய தியாகிபோல சமையலறைக்குப் போய்ச் சொன்னேன்.

அத்தை அடுப்பை அணைத்தார். "எனக்கு இந்த வீடு புடிக்கும்னு யாருடி உனக்குச் சொன்னது?"

கரண்டியைக் கழுவி வைத்தபடி அவரே தொடர்ந்தார்.

"படி ஏறி எறங்கி முட்டி தேஞ்சதுதான் மிச்சம். சின்னதா ஒரு வீடு, என் பேர்ல. நானே பூட்டணும், நானே தொறக்கணும். இதை வித்துடு."

"உயில்ல உங்க பேரே இல்லையே, அத்தை..."

"தெரியாதா எனக்கு? சாட்சிக்கு வந்தவங்களுக்கு டீ போட்டதே நான்தான். ரெண்டாப் பிரிக்கிறவங்களுக்கு மூணாப் பிரிக்கத் தெரியாதா?"

சுருக்கென்றது. இருக்க இடம் கொடுக்க வந்த மனசு, பங்கு என்றதும் பின்வாங்கியது. என் பாதியை மனசுக்குள் எப்போதோ செலவழித்து முடித்திருந்தேன். வெட்கமாக இருந்தது. மறுபடி தம்பிக்குப் போட்டேன்.

"மூணாவா?" என்றான்.

"அவங்க கேட்டுட்டாங்கடா. கேட்டது நியாயம்."

"...சரிக்கா."

அடுத்த வாரம் வக்கீல் ஆபீசில் மூவரும் உட்கார்ந்தோம். மூன்று பங்காகப் பிரிக்கும் பத்திரத்தில் தம்பியும் நானும் கையெழுத்துப் போட்டதும், குமாஸ்தா மைப்பெட்டியை அத்தை பக்கம் நகர்த்தினார். "அம்மா, கைநாட்டுதானே?"

அத்தை என் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டார்.

"எழுதத் தெரியும்பா. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."