தேக்கிலையில் மஞ்சள் கொழுப்பு

“இது எருமையில்ல, பர்ஜோ. கொழுப்பப் பாரு, மஞ்சளா இருக்கு. எருமைக் கொழுப்பு தேங்காப்பூ மாதிரி வெள்ளையா இருக்கும்.”

“மெதுவாப் பேசுக்கா. எருமை கெடைக்கல. சுகெங் ஐயா பசுவ அறுத்து அனுப்பிட்டாரு. வெந்தா நிறம் யாருக்குத் தெரியப் போகுது?”

“கறி வெந்தா என் கண்ணும் சேந்து வெந்துடுமா?”

கடற்காற்று உப்பைச் சுமந்துவந்து ஓடுகளின்மேல் உலர்த்தும் ஜாவாவின் வடகரைச் சிற்றூரில், இறைநேசர் சுனன் கெடாவுங்கின் ஆண்டுவிழா விடிந்துகொண்டிருந்தது. செங்கல் வாயிலின் புறத்தே, மலையூர்களிலிருந்து நடந்தே வந்து குதிகால் வெடித்த மக்கள், தேக்கிலையில் பொதிந்த ஒருபிடி இறைச்சிச் சோற்றுக்காக, வலையில் நெருங்கிய நெத்திலிகளைப்போல் செறிந்து நின்றனர். கற்றறிந்தோரே, முன்னொருகால் நோயுற்று வீழ்ந்த அவ்வருளாளருக்குத் தம் பசுவின் பாலூட்டி உயிர் மீட்டவர்கள் வேற்றுச் சமயத்து அயலார். அந்நன்றியால், தம் ஊரில் பசுவின் கழுத்தில் கத்தி படலாகாதென அவர் விதித்தார். அன்றுதொட்டு விழாவுக்கு எருமையே அறுபட்டது. இப்போது கொழுப்பைச் சுட்டிய தலைமைச் சமையற்காரி சுமார்னியின் கண்ணில் தேறாத இறைச்சி அண்டாவில் இறங்கியதில்லை. இவ்வாண்டு எருமைகளைத் தாமே அளிப்பதாக மேடையேறி முழங்கியவரோ, தேர்தலில் நிற்கவிருந்த மரவணிகர் சுகெங்.

விழாக்குழுச் செயலாளன் பர்ஜோ குரலைத் தாழ்த்தினான். “நம்ம ஊர்ல அறுக்கலையே, அக்கா. பக்கத்து ஊர்லதான்.”

“ஓகோ. எல்லையத் தாண்டினா நன்றி கெட்டுப் போகலாமாக்கும்?”

“வெளிய அத்தன சனம் பசியோட நிக்குது. என்ன சொல்லி அனுப்புறது?”

“அத நீ கவலப்படாத. நான் கேக்க வேண்டியவரக் கேக்கறேன்.”

சுமார்னி தண்ணீர்க்குடத்தைத் தூக்கி அடுப்பில் கவிழ்த்தாள். கனன்ற விறகு சீறி, புகையாய் எழுந்து, அடங்கியது. நன்றியை மறப்பது சிறுமை. மறந்ததை நன்றியின் சோறென்றே இலையில் பொதிந்து, நம்பி வந்தோர் வாயில் ஊட்டுவதோ அதனினும் பன்மடங்கு இழிவு. அவ்வெரிச்சல் நெஞ்சில் மூள, மஞ்சள் கொழுப்பைத் தேக்கிலையில் ஏந்தி அவள் நடந்தாள். அகப்பைகளை வைத்துவிட்டு ஏனைய பெண்டிரும் பின்தொடர்ந்தனர்.

அடக்கத்தலத்தின் அருகே, பந்தலில், புதுக்கைலி உடுத்து, கூட்டத்தை நோக்கிக் கையசைத்தவாறு சுகெங் வீற்றிருந்தார். அவர் முன்னே சுமார்னி இலையை விரித்தாள். அசைந்த கை பாதியில் நின்றது.

“ஐயா, இது எருமைதான்னு பெரியவரோட கல்லறையத் தொட்டு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் போய் அடுப்ப மூட்டுறேன்.”