பதினாலரை சென்டிமீட்டர்

1

இந்தக் கதை என் அக்கா என்னைத் திட்டியதில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

"ஊர்ல இல்லாத ஆளுங்களப் பத்தியெல்லாம் பக்கம் பக்கமா எழுதற. எங்க தெரு வடிகாலைப் பத்தி ஒரு பக்கம் எழுத மாட்டியாடா?" என்று போனில் கேட்டாள். வடிகாலைப் பற்றி யாரும் கதை படிக்க மாட்டார்கள் என்றேன். "தண்ணி அவங்க வீட்டுக்குள்ள வந்தா படிப்பாங்க" என்றாள்.

ஆக, வாசகரே, நீங்கள் படிக்கப்போவது ஒரு மழைநீர் வடிகாலைப் பற்றி. எழுந்து போகிறவர்கள் இப்போதே போகலாம். நானும் உங்களோடு வந்துவிடுவேன். ஆனால் நான் எங்கே இருக்கிறேன் என்று அக்காவுக்குத் தெரியும்.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"அந்தச் சிறு நகரத்தின் மேல் கார்மேகங்கள் ஒரு பழைய துக்கத்தைப் போலக் கவிந்து—"

அடித்துவிட்டேன். மேகமே கிடையாது. அக்காவுக்குச் சந்தேகம் வந்த அன்று சுள்ளென்று வெயில். இரண்டாவது தொடக்கம்:

"தெருக்கோடியில் ஒருவர் கார் கழுவினார்."

இதுதான் நடந்தது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

தெருக்கோடியில் ஒருவர் கார் கழுவினார். அவர் வீட்டை ஒட்டித்தான் கால்வாய். தெருவின் மழைத் தண்ணீர் முழுவதும் புது வடிகால் வழியாக அந்தக் கால்வாயில் போய் விழ வேண்டும், திட்டம் அதுதான். அக்காவின் வீடு தெருவின் மறுகோடியில். இடையில் இருபது வீடுகள். வேலைக்குக் கிளம்பிக் கேட்டைத் திறந்த அக்கா, தன் வாசலில் வடிகாலுக்கு இன்னும் மூடி போடாத இடத்தில் சோப்பு நுரை வந்து நிற்பதைப் பார்த்தாள். பக்கத்தில் இருக்கும் கால்வாயை விட்டுவிட்டு, இருபது வீடு தாண்டி நுரை அவளைத் தேடி வந்திருந்தது.

அக்கா ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்துமூன்று வருடமாக வேலை பார்ப்பவள். ஒரு அளவு சந்தேகமாக இருந்தால் மறுபடி அளப்பாள். வீட்டிலும் அப்படித்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டுக் கொத்தனாரைக் கூப்பிட்டாள். அவர் மட்டம் பார்க்கும் குழாயை எடுத்து வந்தார். ஒன்றுமில்லை, கண்ணாடி போலத் தெரியும் ஒரு பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதை வைத்து எந்த இடம் உயரம், எந்த இடம் பள்ளம் என்று சொல்லிவிடலாம். வீடு வீடாக வைத்து அளந்துகொண்டே போய் இருவரும் கால்வாய்க்குப் போய்ச் சேரப் பகல் ஒரு மணி ஆகிவிட்டது.

"கால்வாய் பக்கம் பதினாலு சென்டிமீட்டர் மேடுங்க" என்றார் கொத்தனார். "உங்க வாசல்தான் பள்ளம். மழை பேஞ்சா மொத்தத் தெருவும் உங்க வீட்டுக்கு விருந்து வரும்."

"அளவு சரியா இருக்குமா?"

"நான் கட்டின சுவர் எதுவாவது சாஞ்சிருக்கா?"

சாயவில்லை.*

(*இந்தக் கதையில் ஒழுங்காக வேலை செய்பவர் ஒருவராவது இருக்கிறார் என்று பதிவு செய்துகொள்கிறேன். பின்னால் தேவைப்படும் என்பதற்காக அல்ல. என் ஆறுதலுக்காக.)

3

நகராட்சி அலுவலகத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதில் ஒரு மின்விசிறி முனகியது. எல்லா அலுவலகக் கதைகளிலும் அது முனகுகிறது என்று தோன்றியதால் நீக்கிவிட்டேன். அக்கா நிஜத்தில் பார்த்தது, சுவரில் இருந்த ஊர் வரைபடத்தைத்தான். ஜன்னல் வெயில் வருடக்கணக்கில் பட்டு அதில் கிழக்குப் பக்கம் வெளுத்துப் போயிருந்தது. அவள் தெரு அந்தப் பக்கம்.

நான்கு முறை போனாள். முதல் முறை பொறியாளர் களத்தில் இருந்தார். இரண்டாவது முறை கூட்டத்தில். மூன்றாவது முறை அவர் இருந்தார், கோப்பு மேலே போயிருந்தது. நான்காவது முறை இரண்டும் இருந்தன.

பொறியாளருக்கு நாற்பது வயதிருக்கும். வரைபடத்தை மேஜையில் விரித்து, பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் நாலு சாமான் வைத்தார்.

"பாருங்க மேடம். சரிவு கால்வாய் பக்கம்தான். டிராயிங்ல சரியா இருக்கு."

"தண்ணிக்கு டிராயிங் படிக்கத் தெரியாதே சார்."

"வேலை முடிஞ்சு சான்றிதழும் கொடுத்தாச்சு மேடம்."

"யார் அளந்து பார்த்துக் கொடுத்தாங்க?"

அவர் ஒரு மூலையில் வைத்திருந்த ஸ்டேப்ளரை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். "எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்றார்.

அக்கா எழுதிக் கொடுத்தாள். ரசீது கேட்டாள். ரசீது கொடுப்பவர் விடுப்பில் இருந்தார்.

4

இங்கே ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். என் முதல் வரைவில் பொறியாளர்தான் வில்லன். அவருக்கு ஒரு தொப்பையும், காதில் பேனாவும், அடிக்கடி சிரிக்கும் பழக்கமும் கொடுத்திருந்தேன். கோபமாக இருக்கும்போது பாத்திரப் படைப்பு வெகு சுலபமாக வருகிறது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அக்கா படித்துவிட்டு, "தொப்பையை எடு. அவர் அப்படி இல்ல. அதுக்கப்புறம் நடந்ததையும் கேட்டுட்டு எழுது" என்றாள்.

அதற்கப்புறம் நடந்தது: அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு யாரோ கேட்டைத் தட்டினார்கள். பொறியாளர். அலுவலக வண்டி இல்லை, கூட ஆள் இல்லை. கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டிருந்தார். "அந்தக் கொத்தனாரைக் கூப்பிட முடியுமா மேடம்?" என்றார்.

மூன்று மணி நேரம் அளந்தார்கள். ஒரு இடத்தில் அவர் தெருவில் குப்புறப் படுத்து, வடிகாலுக்குள் தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். பால் வாங்கப் போனவர்கள் நின்று பார்த்தார்கள். திரும்பி வந்து, சட்டையெல்லாம் மண்ணோடு அக்கா வீட்டுப் படியில் உட்கார்ந்து டீ குடித்தார்.

"நீங்க அளந்தது தப்பு மேடம்."

"எப்படி?"

"பதினாலு இல்ல. பதினாலரை."

தம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

நான் தொப்பையை எடுத்துவிட்டேன்.

5

இப்போது கதைக்கு ஒரு ஆபத்து தேவை என்று நினைத்தேன். எழுத்தாளர்களுக்கு இந்த வியாதி உண்டு. ஒரு மழையை வரவழைத்தேன். வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கப் போன அத்தானை மின்சாரம் தாக்கியது. இரண்டு பத்தியில் அவரைக் கொன்றுவிட்டேன். நன்றாகவும் வந்திருந்தது.

அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நிதானமான மனிதர். படித்துவிட்டுச் சொன்னார்: "நான் சாகறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல மாப்ள. ஆனா ஃபிரிட்ஜை நான் போன மாசமே செங்கல் வச்சுத் தூக்கிட்டேனே. பிளக்கையும் மேல ஏத்திட்டேன். அதைக் கவனிக்கலையா?"

அக்கா சிரிக்கவில்லை. "ஒரு வடிகால் தப்பாக் கட்டியிருக்காங்கன்னு நீ நம்பறதுக்கு யாராவது சாகணுமா?" என்றாள். "அவங்களும் அதையேதான் சொல்றாங்க. ஏதாவது ஆச்சுன்னா பார்த்துக்கலாம்னு. நீயும் அவங்க கூடப் போய் உட்கார்ந்துக்க."

என்னை யாரும் இவ்வளவு சரியாக விமர்சித்ததில்லை. அந்த இரண்டு பத்திகளும் இப்போது இல்லை. இது அவை இருந்த இடம்:

(                    )

6

நகர்மன்றத் தலைவரைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இனி முடியாது.

ஊரில் அவருக்கு 'ரிப்பன்' என்று பெயர். எதையாவது திறந்து வைத்துக்கொண்டே இருப்பார். ஒரே நிழற்குடையைப் பெயிண்ட் மாற்றி இரண்டு முறை திறந்திருக்கிறார்.* கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. ஊரை நேசிப்பவர்தான். ஆனால் அவர் நேசித்த ஊர் இருபது வருடம் கழித்து இருப்பது. இப்போது இருக்கும் ஊர் அவருக்கு வழியில் கிடக்கும் ஒரு இடைஞ்சல்.

(*ஒரு பொதுக் கழிப்பறையும் உண்டு. அதற்குக் கதவு வைக்கவில்லை என்பதால், அவர் வருவதற்கு முன்பே அது திறந்துதான் இருந்தது.)

அடுத்த இருபது ஆண்டு வளர்ச்சித் திட்டத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் கூட்டினார். பள்ளிக்கூட அரங்கு, பிளாஸ்டிக் நாற்காலிகள், எண்பது பேர். விளக்கை அணைத்துக் கணினியில் செய்த படம் ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். அகலமான நடைபாதைகள், சைக்கிளில் போகும் ஒல்லியான மனிதர்கள், வரிசையாக மரங்கள். அக்காவின் தெருவில் ஒரு நீரூற்று. விளக்கைப் போட்டதும் கைதட்டல். "யாராவது கருத்து?" என்றார் ரிப்பன்.

அக்கா எழுந்தாள்.

"படம் நல்லா இருக்குங்க. ஒரு சந்தேகம். இருபது வருஷத்துல ஒரு நாள்கூட மழை பெய்யலையே?"

சிரிப்பு எழுந்தது. ரிப்பனும் சிரித்தார். "அம்மா, குறை சொல்றது சுலபம். நல்லதையும் கொஞ்சம் பாருங்க."

"பார்த்தேங்க. எங்க தெரு வடிகால் தண்ணி கால்வாய்க்குப் போகாது. எங்க வீட்டுக்கு வரும். நுழைஞ்சுட்டு அப்புறம்தான் நீரூற்றுக்குப் போகும்."

இந்த முறை அரங்கு முழுவதும் சிரித்தது. ரிப்பன் சிரிக்கவில்லை. பேச்சை முடித்துவைக்க அவருக்கு ஒரு வழி தோன்றியது. ஓரத்தில் நின்ற பொறியாளரிடம் மைக்கை நீட்டினார். "நம்ம பொறியாளர் இங்கதான் இருக்கார். சார், வடிகால் சரியாத்தானே கட்டியிருக்கு? நீங்களே சொல்லிடுங்க."

ஒரு 'ஆமாம்' போதும். அங்கே இருந்த எல்லாருக்கும் அது தெரியும். அக்காவும் அதைத்தான் எதிர்பார்த்தாள், உட்காரக்கூடப் போனாள்.

பொறியாளர் மைக்கை வாங்கினார். மைக் வேலை செய்யவில்லை. தட்டிப் பார்த்தார். பிறகு மைக் இல்லாமலே பேசினார்.

"இல்லைங்க. மேடம் சொல்றது சரி. பதினாலரை சென்டிமீட்டர் எதிர்ச்சரிவு. நானே அளந்தேன். உடைச்சுத்தான் கட்டணும்."

இந்த இடத்தில் அரங்கின் மௌனத்தை வர்ணிக்க வேண்டும் என்று இருந்தேன். "அந்த மௌனம் ஒரு—" வேண்டாம். யாரும் பேசவில்லை, அவ்வளவுதான். அப்புறம் ரிப்பன், "பரிசீலிப்போம்" என்றார். பிஸ்கட் கொடுத்தார்கள்.

7

கூட்டம் முடிந்த ஒன்பதாம் நாள் பொறியாளருக்கு இடமாற்றம் வந்தது. பஸ்ஸில் இரண்டரை மணி நேரத் தொலைவில் வேறொரு சிற்றூர். தெருவிளக்குக் கிடங்கின் பொறுப்பு. அவர் மனைவி இங்கே பள்ளி ஆசிரியை, மகளுக்குப் பத்தாம் வகுப்பு. குடும்பம் இங்கே, அவர் அங்கே. புதிதாக வந்த பொறியாளர் அக்காவுக்கு வரைபடத்தை விரித்துக் காட்டி, டிராயிங்கில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்.

அக்கா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அத்தான் எனக்குப் போன் செய்து, "அவ பேசாம இருக்கா மாப்ள. அதுதான் பயமா இருக்கு" என்றார். நானும் போய்ப் பேசினேன். நியாயத்தைப் பற்றி, தனிமனிதனைப் பற்றி, சமூகத்தைப் பற்றி நன்றாகவே பேசினேன்.

"உனக்கு அது கதை. எனக்கு ஒரு மனுஷனோட வீடு ரெண்டாப் போச்சு" என்றாள்.

அரை நாள் விடுப்புப் போட்டு அந்த ஊருக்குப் போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள் என்பதால் இது மட்டும் நான் கண்ணால் பார்த்தது. கிடங்கில் உடைந்த விளக்குக் கூண்டுகள் கூரை வரை அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு மேஜை. பொறியாளர் கொஞ்சம் இளைத்திருந்தார். எங்களுக்கு உட்கார நாற்காலி தேடி, கிடைக்காமல், இரண்டு மரப்பெட்டிகளைத் துடைத்துப் போட்டார்.

அக்கா பஸ்ஸில் தயார் செய்துகொண்டு வந்த எதையும் சொல்லவில்லை. "என்னாலதான் சார்" என்றாள். குரல் உடைந்துவிட்டது. அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"நீங்க கேள்விதான் கேட்டீங்க மேடம்" என்றார் அவர். "பதில் சொன்னது நான்."

பிறகு, "கோபம் இல்லையா சார்?" என்று நான் கேட்டேன். எழுத்தாளன் புத்தி.

"இல்லாம என்ன? பொண்ணு தினமும் போன்ல கணக்குல சந்தேகம் கேக்கறா. போன்ல ஜியோமெட்ரி சொல்லிக் கொடுத்துப் பாருங்க. தெரியும்."

எழுந்து வாசல் வரை வந்தார். அங்கே நின்று எதிர்ச் சாரியைப் பார்த்தார். புது மண் வெட்டி, கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இங்கயும் ஒரு வடிகால் கட்டறாங்க மேடம்" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தக் கொத்தனார் ஞாயித்துக்கிழமை சும்மாத்தான் இருப்பாரா?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு டைரியை எடுத்தாள்.

8

இங்கே முடித்திருக்கலாம். முடித்துத்தான் அனுப்பினேன். அக்கா திருப்பி அனுப்பிவிட்டாள். "எங்க வடிகால் என்ன ஆச்சுன்னு எழுதலையே?"

எழுத முயன்றேன். புதிய பொறியாளர் மனம் மாறி வடிகாலை உடைத்துக் கட்டுகிறார் என்று ஒரு முடிவு. இரண்டாவது வரியில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அக்கா அடுத்த தேர்தலில் நின்று ஜெயிக்கிறாள் என்று ஒன்று. "எனக்கு ரத்தம் பார்க்கவே நேரம் பத்தல. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வேலையைப் பார்த்தா நான் ஏன் தேர்தல்ல நிக்கணும்?" என்று அதையும் அடித்துவிட்டாள். மழை வருகிறது என்ற முடிவை எழுத எனக்கு அனுமதி இல்லை என்பது அத்தான் விஷயத்திலேயே முடிவாகிவிட்டது.

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. மழைக்காலம் தொடங்க ஐந்து வாரம் இருக்கிறது. அத்தான் இப்போது பீரோவுக்குச் செங்கல் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஒரு அறிவிப்பு மட்டும் வந்திருக்கிறது. வளர்ச்சித் திட்டத்தின் மீது ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் கொடுக்கலாமாம். பத்தொன்பது நாள் போய்விட்டது. இதுவரை வந்திருப்பது ஒன்று, நீரூற்றுக்கு முன்னால் வடிகாலைச் சரிசெய்யுங்கள் என்று. அது யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். ஒன்று மட்டும் வந்தால் அது ஒரு பெண்மணியின் பிடிவாதம் என்று கோப்பில் எழுதுவார்கள். நூறு வந்தால் கோப்பையே வேறு அறைக்கு மாற்றியாக வேண்டும்.

எனவே, முடிவு வேண்டும் என்கிறவர்கள் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். நகராட்சி அலுவலகம், இரண்டாவது மாடி, இடதுபுறம் மூன்றாவது அறை, வேலை நாட்களில் மூன்று மணி வரை. மூன்று பிரதிகள் வேண்டும். லிஃப்ட் வேலை செய்யாது, படியில் ஏறுங்கள். மறக்காமல் ரசீது கேளுங்கள். ரசீது கொடுப்பவர் விடுப்பில் இருக்கிறார் என்று சொன்னால், வரும்வரை உட்கார்ந்திருங்கள்.