முப்பத்தொன்றாவது நட்சத்திரம்

சுடர்விழிக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். வானத்தின் ஒரு மூலையில் லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் ஒரு கொத்து. அதில் சில மட்டும் உப்பிச் சுருங்கி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பிரகாசித்து மங்கித் துடிக்கும். அவற்றைத்தான் அவள் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தாள். முப்பது ஏற்கெனவே யார் யாரோ கண்டுபிடித்தவை. முப்பத்தொன்றாவது அவளுடையது. ஒரு பழைய படத்தில் அது மங்கியிருந்ததை அவள்தான் பார்த்தாள். அது போனால் ஆய்வில் அவளுக்கென்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

ஆனால் பதினோரு இரவு தொலைநோக்கியில் எடுத்த படங்களில் அந்தப் பாழாய்ப்போன நட்சத்திரம் இம்மியும் மாறவில்லை. "பழைய படத்துல மேகம் மறைச்சிருக்கும்மா. வெள்ளிக்கிழமை கட்டுரை போகணும், பட்டியல்லேர்ந்து அதை அடிச்சுடு" என்றார் வழிகாட்டி இராஜாங்கம்.

அடிக்க மனசு வராமல் திருவையாற்றுக்குப் பக்கத்திலிருந்த வீட்டுக்கு வந்தால், அங்கே வேறு கூத்து. அப்பா வீரையன் பஸ் கண்டக்டர். விடிகாலை ஐந்தரைக்கு வயலை எட்டிப் பார்த்துவிட்டு டியூட்டிக்கு ஓடுகிறவர். சம்பாக் கதிர் பால் பிடிக்கிற நேரம். வாய்க்காலில் தண்ணீர் இல்லை.

"மேல வயக்காரன் ராஜராஜன்தான் வாய்க்காலை அடைச்சு வச்சிருக்கான். சாயங்காலம் வந்து அவனை உண்டு இல்லைன்னு பண்றேன்!" என்று குதித்தார். வயலில் இருக்கிற தண்ணீரும் வடிந்துவிடுமே என்று வாய்க்காலிலிருந்து தண்ணீர் பாயும் மடையை மண் போட்டு இறுக அடைத்துவிட்டுப் போனார்.

சண்டை மூளும் முன் பார்த்துவிடலாம் என்று சுடர்விழி வரப்பிலேயே உட்கார்ந்தாள். பத்தேமுக்காலுக்கு வாய்க்கால் நிறையத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. அடைத்த மடையைத் தாண்டி அது பாட்டுக்குக் கீழே போனது. ஓடிப்போய் மண்ணை வெட்டிவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"ஏம்ப்பா, தினம் அதே அஞ்சரைக்கு வந்து பாத்துட்டு தண்ணியே வரலைங்கிறீங்களே, ஒருநாளாவது வேற நேரத்துல வந்து பாத்தீங்களா? பாவம், ராஜராஜன் சித்தப்பா..."

சொல்லும்போதே அவளுக்குச் சட்டென்று உறைத்தது. பதினோரு இரவும் தொலைநோக்கி அவளுக்குக் கிடைத்தது அதே இரண்டு மணிக்கு. அந்த நட்சத்திரம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை துடித்தால், எந்த இரவும் இரண்டு மணிக்கு ஒரே நிலையில்தானே நிற்கும்! ஊருக்குத்தானடி உபதேசம் என்று தலையில் குட்டிக்கொண்டாள். நெற்றியெல்லாம் சேறு.

வரப்பில் நின்றபடியே இராஜாங்கத்தை அழைத்தாள்.

"இன்னும் எத்தனை தடவைம்மா பார்ப்பே? பதினோரு ராத்திரி பாத்தாச்சே."

"இல்ல சார். ஒரே மணியைப் பதினோரு தடவை பாத்திருக்கோம். எனக்கு ஒரு ராத்திரி முழுசா வேணும்."

"அப்ப வெள்ளிக்கிழமை?"

"தள்ளிப் போகட்டும் சார். பாக்காம அடிக்க மாட்டேன்."

"ஒரே ராத்திரிதான். அதுலயும் மாறலைன்னா நீயே அடிச்சுடணும்."

"சரிங்க சார்" என்றாள்.

மாசியில் அந்த இரவு கிடைத்தது. இரண்டு மணிக்கு நட்சத்திரம் பழையபடியே நின்றது. மூன்றுக்குக் கொஞ்சம் இறங்கியது. நாலரைக்குப் பாதியாக மங்கிவிட்டது. நம்பாமல் மூன்று முறை அளந்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வர, அப்பாவை அழைத்தாள்.

"அப்பா, என்னோடதும் வந்துடுச்சுப்பா!"

"அப்படியா தாயி!" என்றார் வீரையன். "எத்தனை மணிக்கு வந்துச்சு?"