எஞ்சினின் தலைப்பக்கம்

குருநகரில் எஞ்சினைப் படகோடு விட்டுவிட்டு வருகிறவனை விசரன் என்பார்கள். கடலால் வந்ததும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் விடியும்போது அது வேறொருவன் படகில் இருக்கும். லெனாட்டும் தங்கை லவீனாவும் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்குவார்கள். பாரமெல்லாம் தலைப்பக்கத்தில்தான். அது எப்போதும் லவீனாவின் பக்கம்.

அவள் பெண்ணாக வாழப்போவதாகச் சொன்ன அன்று, தாய் மரியநாயகி அழுது முடித்துவிட்டு ஒன்றைத்தான் கேட்டாள். "பொம்பிளைச் சட்டையைப் போடு, மயிரை வளர். அண்ணையோடை தொழிலுக்குப் போவியோ?"

"ஓம்" என்றாள் லவீனா. வீட்டில் அவளுடைய இடமே அந்த ஓமில்தான் நின்றது.

பெண் ஹோர்மோன் குளிசை தொடங்கியதும் தோள் சதை இறங்கியது. பெலன் குறையும் என்று டாக்குத்தர் முன்னமே சொல்லியிருந்தார். கண்ணாடிக்கு முன்னால் அது சந்தோஷம், கடற்கரையில் பயம். பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடுமா? ஆனாலும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மாரிமழைக்குப் பிறகு லெனாட் தானாகவே தலைப்பக்கத்துக்கு வந்தான். "எண்ணெய் பிரளும், உன்ரை சட்டை ஊத்தையாப் போம்." அண்ணை கடைசியில் தன்னைத் தங்கச்சியாகப் பார்க்கிறான் என்று அவளுக்கு மனம் குளிர்ந்தது.

ஒருநாள் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படகிலிருந்து இறங்கினான். "விடுங்கோ அண்ணை, நான் பிடிக்கிறன்" என்று தலைப்பக்கத்தில் கை வைத்தாள். வேண்டாம் என்றான். கேட்டாளா? கரையேறும்போது கை விட்டுவிட்டது. தாங்கிப்பிடிக்கப் பாய்ந்தவனின் பாதத்தில் எஞ்சின் விழுந்தது.

காலில் கட்டோடு வந்தவன், "பாசியிலை சறுக்கிப்போட்டன்" என்று தாயிடம் சொன்னான். மரியநாயகி பாசியைத் திட்டிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள்.

"ஏனண்ணை பொய் சொன்னனீங்கள்?"

"உனக்குப் பெலன் இல்லையெண்டு தெரிஞ்சா அம்மா குளிசையை நிப்பாட்டச் சொல்லுவா."

"உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"உன்ரை கை நடுங்கினதைக் கண்டனான். இல்லாட்டி ஏன் தலைப்பக்கம் வந்தனான்? சட்டைக்காகவோ?"

அவள் மனம் குளிர்ந்த நாளெல்லாம் அவளுடைய பாரத்தை அவனுடைய இடுப்பு சுமந்திருக்கிறது. லவீனாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

"அம்மா, பாசியுமில்லை, ஒண்டுமில்லை. நான்தான் எஞ்சினைப் போட்டனான். குளிசையாலை எனக்கு முந்தின பெலன் இல்லை. ஆனா அதை நிப்பாட்டமாட்டன்."

"உன்னை ஆர் கேட்டது?" என்று உள்ளேயிருந்து லெனாட் கத்தினான்.

மறுநாள் லெனாட்டுக்குப் பதிலாகக் கடலுக்கு வர ஒத்துக்கொண்ட சூசைதாசன் கரையில் காத்திருந்தான். லவீனா முற்றத்தில் கிடந்த எஞ்சினடிக்கு வந்தபோது, தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தலைப்பக்கத்தில் நின்றாள்.

"விடுங்கோ அம்மா, சூசையண்ணையைக் கூப்பிடுவம்."

"எங்கடை எஞ்சினுக்கு ஊராள் ஏன்? மீன் கடகம் சுமந்த உடம்பு இது. நீ வால்பக்கம் பிடி. போட்டுடாதை."

தூக்கினார்கள். தாய் மூச்சு வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

தேத்தண்ணிக் கடைக்குள்ளிருந்து யாரோ சத்தம் வைத்தார்கள்: "ரெண்டு பொம்பிளையள் எஞ்சின் காவீனம், பாத்துக்கொண்டு நிக்கிறியளேடா!"

ஊர் வாயிலிருந்து அந்தச் சொல் வர லவீனா எத்தனையோ வருடம் காத்திருந்தாள். இப்போது அம்மாவின் நனைந்த முதுகைப் பார்த்தபடி அதைக் கேட்டாள்.