கண்ணை மறைத்த பொட்டு

சத்தியவேடு டிப்போவில் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர் முனிரத்தினம். ஒரு நாள்கூட வண்டியை லேட்டாக எடுத்ததில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். கூட வேலை பார்த்த கண்டக்டர்கள் யாரும் அதை மறுத்ததாகத் தெரியவில்லை. மனைவி போன பிறகு, இந்த இரண்டு வருஷமாகத் திருப்பதியில் மகன் வீட்டில் இருக்கிறார்.

வீடு திருச்சானூர் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில். மாடியில் குடியிருப்பு, கீழே கார் ஷெட், ஷெட்டுக்கு ஓர் இரும்பு ஷட்டர். அதைக் காலை எட்டு மணிக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கும் தூக்கி இறக்குவதுதான் அந்த வீட்டில் அவருடைய டூட்டி. யாரும் கொடுத்த டூட்டி இல்லை, அவராக எடுத்துக்கொண்டது. அப்படி எடுத்துக்கொண்ட வேலையை யார் கேட்டாலும் விட்டுத்தர மாட்டார்.

மருமகள் சந்தியா சந்திரகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தினமும் காரில் போய்வருகிறாள். சாயங்காலம் சந்துமுனையில் திரும்பும்போதே ஹாரனை இரண்டு தட்டுத் தட்டுவாள். அவள் வாசலுக்கு வருவதற்குள் ஷட்டர் மேலே போயிருக்கும். முனிரத்தினம் பக்கத்தில் நின்று, காரின் பின்பக்கத்தை உள்ளங்கையால் தட்டி, "வரலாம், வரலாம்... ரைட், ரைட்!" என்பார். ஒரு மாருதி காருக்கு இத்தனை மரியாதை தேவையா என்று எதிர்வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவர் கண்டுகொள்வதில்லை.

போன மாதம் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. ஆறு மாதத்துக்கு எடை தூக்கக் கூடாது என்றார் டாக்டர். முனிரத்தினம் பன்னிரண்டாம் நாளே ஷட்டரைத் தூக்கினார். தூக்கிவிட்டு, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றதைச் சந்தியா கார் கண்ணாடியில் பார்த்துவிட்டாள். அந்த வாரமே ஸ்மார்ட் மோட்டார் பேச்சு ஆரம்பித்தது.

மகன் யஸ்வந்த் சித்தூரில் ஒரு பால் கம்பெனியில் வேலை பார்க்கிறான். வீட்டுக்கு வருவது சனிக்கிழமைதான். அவன் ஒரு மோட்டாரைப் பிடித்துவந்தான். போனில் ஒரு தட்டுத் தட்டினால் ஷட்டர் தானாக ஏறும், தானாக இறங்கும். சித்தூரில் இருந்துகொண்டேகூடத் திறக்கலாம், மூடலாம். முப்பத்து நாலாயிரம் ரூபாய். பத்து நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றால் கழற்றிக்கொண்டு போய்விடுகிறோம் என்றார்கள் கடைக்காரர்கள்.

"எனக்கு வர்ற பென்ஷனுக்கு அது பத்து மாசம்" என்றார் முனிரத்தினம். "ஒரு கதவத் தூக்கறதுக்கா? இன்னாத்துக்குடா இந்த வீண் செலவு?"

"பத்து நாள் பாக்கலாம் நைனா. புடிக்கலன்னா குடுத்துடலாம்."

செலவைப் பற்றித்தான் வாய் பேசியது. அவருக்கு உள்ளே வேறு பயம். இந்த மோட்டார் தங்கிவிட்டால் தனக்கு இந்த வீட்டில் என்ன வேலை? எட்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் ஒருத்தி தன்னை எதிர்பார்க்கிறாள் என்பதில்தான் அவருடைய நாள் நின்றது. அது போனால், சோற்றுக்கும் மாத்திரைக்கும் மட்டும் இருக்கிற ஆளாகிவிடுவோம் என்று நினைத்து, மோட்டார் மாட்டிய புதன்கிழமை இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வியாழக்கிழமை ஷட்டர் பிழையில்லாமல் ஏறி இறங்கியது. அவர் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

வெள்ளிக்கிழமை வந்தது கோளாறு. சந்தியா காரை வெளியே எடுத்து, போனைத் தட்டினாள். ஷட்டர் ஓர் அடி இறங்கியது, நின்றது, விர்ரென்று மேலே போய்விட்டது. நாலு தடவை தட்டினாள். நாலு தடவையும் அதே கதை. மோட்டார் பூட்டிய ஷட்டர் கையால் இழுத்தாலும் வருவதாக இல்லை. பிரேயருக்கு நேரமாகிவிட்டது என்று அவள் கிளம்பிவிட்டாள். ஷெட்டுக்குள் சிலிண்டரும் இன்வெர்ட்டரும் இருக்கின்றன. முனிரத்தினம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டு, சாயங்காலம் வரை காவல் இருந்தார். உண்மையைச் சொன்னால் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தச் சந்தோஷம் ஐந்து மணிக்குப் போய்விட்டது. சந்தியா வந்ததும் யஸ்வந்துக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கர் ஆனில் இருந்ததை அவன் அறியவில்லை.

"நேத்து வரைக்கும் நல்லாதானே ஓடுச்சு? நைனாதான் எதுனா பண்ணியிருப்பாரு. அவருக்குத்தான் அது புடிக்கலயே."

சந்தியா அவசரமாக ஸ்பீக்கரை அணைத்தாள். அணைத்தாளே தவிர, அப்படி இருக்காது என்று அவள் சொல்லவில்லை. அதுதான் முனிரத்தினத்துக்கு வலித்தது. பிறத்தியார் வண்டியின் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுகிற ஆளா நான்? அவர் நாற்காலியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

மறுநாள் காலை யஸ்வந்தும் வந்துவிட்டான், மெக்கானிக் ராம்ப்ரசாத்தும் வந்தார். ராம்ப்ரசாத் நாற்பது வயது ஆள், தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிக்கிறவர். மோட்டாரைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார். பிறகு ஷட்டர் ஓரமாகக் குந்தி உட்கார்ந்தார். அங்கே இரண்டு பக்கச் சுவரிலும் முட்டிக்குக் கீழே சின்னதாக ஒரு கறுப்புக் கண் உண்டு. குறுக்கே மனுஷனோ மாடோ நின்றால், இந்தக் கண் பார்த்து ஷட்டரை இறங்கவிடாமல் நிறுத்தும். அந்தக் கண்ணின் மேல், நட்ட நடுவில், மஞ்சள் குழைத்து அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்திருந்தது. எதிர்ப்பக்கத்துக் கண்ணிலும் அதேபோல.

"பொட்டு எவரு பெட்டினாரு, யாரு வெச்சது?" என்றார் ராம்ப்ரசாத்.

"நான்தான்" என்றார் முனிரத்தினம்.

யஸ்வந்த் சந்தியாவைப் பார்த்தான். நான் சொன்னேன் இல்லையா என்கிற பார்வை அது.

ராம்ப்ரசாத்துக்கோ சிரிப்பு அடங்கவில்லை. "ஆயுத பூஜ முடிஞ்சா எனக்கு ஒரு வாரம் இதே வேல சார். கண்ணு மேல பொட்டு வெச்சா, யாரோ நடுவுல நிக்கிறாங்கன்னு அது நெனச்சுக்கும். இங்க, ஒரு அங்குலம் மேல வெய்யிங்க, சாலு, போதும்" என்று ஈரத்துணியால் துடைத்தார். போனைத் தட்டியதும் ஷட்டர் சாதுவாக இறங்கியது.

சந்தியா மட்டும் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். மோட்டார் பெட்டியிலும் ஒரு பொட்டு இருந்தது. சுவிட்சில் ஒன்று. ஆணியில் தொங்கிய ரிமோட்டில் குட்டியாக ஒன்று. ஆபரேஷன் ஆன வயிற்றோடு இந்த மனிதர் ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறார், குந்தி உட்கார்ந்திருக்கிறார்.

"மாமா, ஒங்களுக்கு இது புடிக்கலன்னுதானே சொன்னீங்கோ?"

"புடிக்கலதான். புடிக்கலன்னா பொட்டு வெக்கக் கூடாதா? வெள்ளிக்கெழம பொட்டு வெக்காம நான் எந்த வண்டியத் தொட்டேன்? பிரேக்கு புடிக்காத ஓட்ட வண்டிக்கும் வெச்சிக்கினுதான் ஸ்டார்ட் பண்ணுவேன். வூட்டுக்குன்னு வந்துட்டுது, நீ தெனம் அதுங்கீழ பூந்து போற. ஒனக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு வெச்சேன்."

யஸ்வந்த் தலையைக் குனிந்துகொண்டான். "தப்பா நெனச்சிட்டேன் நைனா" என்றான். ராம்ப்ரசாத் கருவிப் பையை மூடிக்கொண்டே, "அயிதே வெச்சிக்கிறீங்களா, கழட்டிக்கினு போவட்டுமா?" என்று கேட்டார்.

"மாமா சொல்லட்டும்" என்றாள் சந்தியா.

இப்படி ஒரு வாய்ப்பு வரும் என்று முனிரத்தினம் எதிர்பார்க்கவில்லை. மனதில் இருந்தது அப்படியே வந்துவிட்டது. "இது இருந்தா, நான் இன்னாத்துக்கும்மா இங்க?"

சந்தியா அவர் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு சொன்னாள்: "நகரியில ஒங்க தங்கச்சி பேத்திக்குக் காது குத்தினாங்க. போவல. கேட்டா கால்வலின்னீங்கோ. வரதராஜன் கண்டக்டர் ரிட்டையர்மென்ட்டு, அதுக்கும் போவல. ரெண்டு வருசமா எட்டுக்கும் அஞ்சுக்கும் ஒங்களக் கட்டிப் போட்டுக்கினு கீறது நான்தான். வயித்துக்காவ மட்டுமா மோட்டார் வாங்கச் சொன்னேன்? ஒங்களுக்கு ஒரு லீவு வேணாமா மாமா?"

கால்வலி பொய் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது என்பதே முனிரத்தினத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் மோட்டார் பெட்டியை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "இருக்கட்டும். கழட்ட வேணாம்" என்றார்.

திங்கட்கிழமை காலை அவர் காரின் முன்சீட்டில் உட்கார்ந்தார். ஷட்டர் தானாக இறங்கித் தரையைத் தொடும்வரை திரும்பிப் பார்த்தார். சந்தியா பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுப் போனாள். அவர் சத்தியவேடு பஸ் பிடித்து, டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, வழியெல்லாம் அவன் கியர் போடுவதில் குறை கண்டுபிடித்துக்கொண்டே போனார்.

டிப்போவுக்கு எதிரில் டீக்கடை. வரதராஜன் வந்தார், இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பேச்சு சூடாக ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது முனிரத்தினத்துக்குப் பேச்சில் மனம் போகவில்லை. கால்கள் தாமாக எழுந்து நின்றுவிட்டன. எங்கே போவதென்று தெரியாமல் டம்ளரோடு அப்படியே நின்றார்.

போன் அடித்தது. எடுத்து, "சொல்லும்மா" என்றார்.

பதில் இல்லை. பீப், பீப் என்று ஹாரன் இரண்டு தட்டுக் கேட்டது. கொஞ்ச நேரம் இஞ்சின் சத்தம்.

"மாமா, சந்து திரும்பிட்டேன். ஷட்டர் ஏறிடுச்சு. உள்ள போவட்டுமா?"

முனிரத்தினம் டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். காலியாக இருந்த கையால் பெஞ்சுப் பலகையை இரண்டு தட்டுத் தட்டினார்.

"வரலாம், வரலாம்..." என்றார், டீக்கடை மொத்தமும் திரும்பிப் பார்க்கும்படி. "ரைட், ரைட்!"