தொண்ணூற்றேழு சதவீதத் தண்ணீர்

எங்கள் குடிநீர் அலுவலகப் பொறியாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சதவீதம்'. வணக்கம் சொன்னால்கூடத் தசமப்புள்ளியோடு திருப்பிச் சொல்லக்கூடிய ஆள். ஒரு தெருக்குழாயைத் திறந்து பார்த்து எத்தனை வருடமோ.

மேட்டுத்தெருவின் தண்ணீர் எவ்வளவு நம்பகமானது என்று கணித்துத் தரச் சொன்னார். மாலை வகுப்பில் புள்ளியியல் படிக்கும் ஒப்பந்த ஊழியை என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. குழாயில் பொருத்திய கருவி மணிக்கொருமுறை அனுப்பிய அழுத்த அளவுகள், ஆறு மாதத்துக்கு. இடையிடையே ஏகப்பட்ட வரிகள் காலி.

"காலியா இருக்கிறதைத் தூக்கிடும்மா. மிஷின் கோளாறு" என்றார்.

தூக்கினேன். மீதி மணிகளில் போதிய அழுத்தம் இருந்தது தொண்ணூற்றேழு சதவீதம் என்று வந்தது. அதைக் காட்டி, திங்கள் முதல் அந்தத் தெருவுக்கு லாரித் தண்ணீரை நிறுத்த ஏற்பாடு. அக்கா குடியிருப்பது அங்கேதான்.

"தொண்ணூத்தேழா? மீதி மூணு என் தலையெழுத்து போல. படிச்சவளே, வந்து குடத்தை நிரப்பேன்!" என்றாள். தண்ணீர் வராத வேளைகளை அவள் நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தாள். என்மேல் எனக்கு நம்பிக்கை இல்லாததால் மூன்று முறை ஒப்பிட்டேன். நான் தூக்கிய வரிகளும் அவள் குறிப்பும் ஏறக்குறைய ஒன்றே. அவற்றைத் தண்ணீர் வராத நேரமாகச் சேர்த்துக் கணித்தால் ஐம்பத்திரண்டு.

அதைக் காட்டியதும் சதவீதம் சிரித்தார். "தண்ணி இல்லேன்னா பூஜ்யம் வரும், காலியாவா வரும்? வகுப்புல தூங்குறியா?"

அவர் சொல்வதும் சரிதானே?

கருவிகளைப் பராமரிக்கும் மெக்கானிக் கையொப்பம் வாங்க நின்றிருந்தார். "சார், ஜீரோ வந்தா அனுப்பாத மாதிரி வைக்கச் சொன்னதே நீங்கதான். வரைபடம் அசிங்கமா தெரியுதுன்னு."

சதவீதம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதுக்கென்ன, அறிக்கை அச்சாயிடுச்சு. தயாரித்தவர்னு உன் பேரைப் போட்டிருக்கேன். பெருமைதானே?"

கேவலம், ஒரு நொடி பெருமையாகத்தான் இருந்தது. பிறகு ஐம்பத்திரண்டின் தாளையும் அக்காவின் நாட்காட்டியையும் எடுத்துக்கொண்டு மாடியில் தலைமைப் பொறியாளரிடம் போனேன். "ஏம்மா, நில்லும்மா!" என்று சதவீதம் பாதிப் படிவரை மூச்சிரைக்க வந்தார்.

லாரித் தண்ணீர் நிற்கவில்லை. சதவீதம்தான் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அடுத்த மாதம் என் ஒப்பந்தத்தை நீட்டிக்க அவர் கையொப்பம் வேண்டும். போடமாட்டார். அதற்குக் கணிப்பு தேவையில்லை.