ஒரு சுற்றுக்கு நாலு மூச்சு

எங்கள் தேயிலைத் தோட்டத்து மேனேஜர் தொரைக்கு ரயில் பைத்தியம். 2003ஆம் வருடம் லண்டனிலிருந்து அவருடைய தம்பி ஒரு பொம்மை ரயில் அனுப்பியிருந்தார். பங்களா மேசை முழுக்கத் தண்டவாளம். எஞ்சினுக்குள்ளேயே ஒரு குட்டி ஸ்பீக்கர். பழைய கரி எஞ்சின் மூச்சு விடுகிற சத்தம், கூவுகிற சத்தம் எல்லாம் அதிலிருந்து வரும். என்ன கோளாறோ, சக்கரம் ஒரு பக்கம் ஓட, சத்தம் இன்னொரு பக்கம் ஓடியது.

நான் பழனியாண்டி, தோட்டத்துப் பெக்டரியில் மெசின் பழுதுபார்க்கிறவன். அந்தத் திங்கட்கிழமை நான் பங்களாவுக்குப் போனது ரயிலுக்காக அல்ல. என் மகள் சுலக்ஷனா ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட இருந்தாள். அவள் இந்தத் தோட்டத்தில் குடியிருப்பவள்தான் என்று தொரை ஒரு கடிதம் தர வேண்டும். தோட்டத்து லயத்து வீட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை இங்கேதான் இருக்கிறாள் என்பதற்கு இன்னொருவர் கையெழுத்து வேண்டுமாம். வயிறு எரியாமல் என்ன செய்யும்? வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"கடுதாசி எங்க ஓடப்போகுது? முதல்ல இதப் பாரு" என்று, ரயிலோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைத் தொரை என் கையில் திணித்தார்.

எனக்கு ஏது இங்கிலீஷ்? சுலக்ஷனாதான் அகராதியும் கையுமாக இரண்டு நாள் உட்கார்ந்து, ரிமோட்டில் எந்த எண்ணைப் போட்டால் எந்தச் சத்தம் மாறும் என்று தமிழில் எழுதித் தந்தாள். கூவல் எவ்வளவு உரக்க, எவ்வளவு நேரம். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நாலு மூச்சு.

வியாழக்கிழமை அவள் எழுதியபடியே போட்டேன். குடுகுடுவென்று ஓடியது. எனக்குப் பிடிக்கவில்லை. சின்ன வயதில், வட்டவளையிலிருந்து ஹட்டனுக்கு மலையேறும் கரி ரயிலைக் கேட்டு வளர்ந்த காது இது. முக்கி முக்கி ஒரு மூச்சு விடும். அவ்வளவுதான், நின்றுவிட்டது என்று நினைக்கும்போது அடுத்தது வரும். ரயில் என்றால் அதுதான் எனக்கு ரயில். நாலு மூச்சை ஒரு மூச்சாக மாற்றினேன். கூவலையும் நீட்டிவிட்டேன். கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. மடையன் நான்.

பின்னேரம் தொரையின் விருந்தாளிகள் வந்தார்கள். மேசை சமதரையாக இருந்தது. ரயில் விர்ரென்று பறந்தது, சத்தம் மட்டும் மலையேறியது. "ரயிலுக்கு இழுப்பு வியாதியா?" என்று சிங்களத்தில் ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். தொரையின் முகம் சிவந்துவிட்டது.

"புத்தகத்த யார்டா வாசிச்சது?"

"என் மகதாங்க" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

"இதையே ஒழுங்கா வாசிக்கத் தெரியல்ல. டீச்சராகி என்னத்தக் கிழிக்கப் போறா?"

"இல்லங்க தொரை, அவ சரியாத்தான் எழுதினா. நான்தான் மாத்திப்புட்டேன். நம்ம பக்கத்து ஏத்தத்துல ரயிலு இப்புடித்தானுங்களே..."

"மகளுக்காகப் பொய் சொல்றியா?"

அவள் எழுதிய தாளை நீட்டினேன். நாலு என்று தெளிவாகவே இருந்தது. தொரைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வாங்கிப் பார்த்துவிட்டு மேசை மேலே போட்டார்.

அங்கேயே நின்று நாலு என்று மாற்றினேன். சத்தமும் சக்கரமும் ஒன்றாக ஓடின. விருந்தாளிகள் கைதட்டினார்கள்.

"தொரை, கடுதாசி..."

"அடுத்த வருசம் பாப்பம். அதுக்குள்ள அவ இங்கிலீஷ் படிக்கட்டும்."

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்றேன். தொரை சொல்லாமல் எழுத முடியாது என்று கிளாக்கர் கையை விரித்தார். ஆபீஸ் பூட்டிய பிறகு வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது. என் சம்சாரம் மீனம்மா திட்டித் தீர்த்தாள். சுலக்ஷனா அழவில்லை.

"நாலு போட்டதும் ரயிலு சரியா ஓடுச்சாப்பா?"

"ஓடுச்சும்மா."

"அப்ப நான் சரியாத்தானே வாசிச்சிருக்கேன்."

ஆமாம் என்றேன். நான் சொல்லி என்ன ஆகப்போகிறது? அதைச் சொல்ல வேண்டியவர் பங்களாவில் ரயில் விட்டுக்கொண்டிருந்தார்.